வால் நறுக்கிய காளான்

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள் தம்பி. காளான்தானே? நீங்கள் தாராபுரத்தில் ஏறும்போதே பார்த்தேன். கடைக் காளான். கொட்டகைக்குள் வளர்ப்பது. வெள்ளையாக, உருண்டையாக, எல்லாம் ஒரே அச்சு. பயப்படாமல் வாங்கலாம், பயப்படாமல் தின்னலாம். நான் குறை சொல்லவில்லை. அதில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றும் கிடையாது, அதைத்தான் சொல்கிறேன்.

என் மடியில் இருக்கிற பையிலும் காளான்தான். புத்துக்காளான். விடிந்ததும் பிடுங்கியது. காங்கயத்தில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், தின்பதற்கு அல்ல, காட்டுவதற்கு. காங்கயம் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகுமல்லவா? இந்த வண்டி ஊதியூரில் வேறு நிறுத்திப் போடுவான். அதுவரைக்கும் நான் பேசினால் உங்களுக்குத் தொந்தரவு இல்லையே? எனக்குப் பேசிப் பார்க்க வேண்டும். போகிற இடத்தில் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதலில் காளானைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஐப்பசியில் ரெண்டு மழை பெய்து இடியும் இடித்தால் மூன்றாம் நாள் புத்து ஓரத்தில் பூத்துவிடும். கறையான் புத்து. நடுவில் கூம்பாக ஒரு முனை வைத்த குடை, வெள்ளைத் தண்டு. இன்னொன்றும் அதே மழைக்கு வரும். ஆட்டுப்பட்டி ஓரம், எருக்குழி ஓரம். அதுவும் வெள்ளைதான். குடை விரியாத பருவத்தில் ரெண்டையும் பக்கத்தில் வைத்தால் புதுக் கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதைத் தின்றால் ஒரு நாழிகையில் குடலைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிடும். எனக்குத் தெரியும். இருபது வயதில் தின்றிருக்கிறேன். ரெண்டு நாள் மாட்டுக் கொட்டகைச் சுவரோடு சுவராகக் கிடந்தேன். எழுந்ததும் முதல் வேலையாகக் காட்டுக்குப் போய் ரெண்டையும் தோண்டிப் பார்த்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வித்தியாசம் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. பட்டியோரத்துக் காளானுக்கு அடியில் வெங்காயம் மாதிரி ஒரு குமிழ், அதோடு சரி. புத்துக்காளானுக்கு வால் உண்டு. முள்ளங்கி மாதிரி மெலிந்துகொண்டே போய்ப் புத்துக்குள் இறங்கும். சிலது ஒரு முழம் போகும். கெட்டதற்கு வேறு அடையாளமும் உண்டு, கழுத்தில் வளையம், முதிர்ந்தால் குடைக்குக் கீழே மடிப்பில் பச்சை படர்வது, அதெல்லாம் பழகின கண்ணுக்கு. புதிதாகப் பார்க்கிறவருக்கு வால்தான். வாலோடு புத்திலிருந்து வந்தால் நல்லது. வால் இல்லையா, தொடாதே. இவ்வளவுதான் வித்தை. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று? ஊருக்குள் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரியிடம்கூட.

ஏன் என்று கேட்க மாட்டீர்களா? நானே சொல்கிறேன். மண்தான் காரணம்.

என் பெயர் சென்னியப்பன். எனக்கு ஒரே தம்பி, நாச்சிமுத்து. எங்கள் அப்பன் விட்டுப்போன மேங்காடு ஒன்பது ஏக்கரா. அதில் மேற்குப் பாதி சுண்ணாம்புக்கல் மண், சாம்பல் மாதிரி இருக்கும். கிழக்குப் பாதி செம்மண். நட்ட நடுவில் அந்தப் புத்து. பாகம் பிரித்தபோது அளக்க வந்தவர் சங்கிலியைப் போட்டார், புத்து அந்தப் பக்கம் போய்விட்டது. அரை அடி தம்பி. அரை அடி இந்தப் பக்கம் இழுத்திருந்தால் என் வரப்பில் இருந்திருக்கும். இருபது வருஷம் அந்தப் புத்தில் காளான் பிடுங்கினவன் நான். நாச்சிமுத்துவுக்குக் காளானும் தெரியாது, ஒரு எழவும் தெரியாது. கேட்டால், அளந்தபடி இருக்கட்டும் அண்ணா என்றான். அளந்தபடி. அவன் தப்பாகச் சொன்னான் என்று நான் சொல்லவில்லை. அரை அடி என்றுதான் சொல்கிறேன். அன்றிலிருந்து அவனோடு பேச்சை விட்டேன்.

பேச்சை விட்டேனே தவிர புத்தை விடவில்லை. விடிவதற்குள் வேலியைத் தாண்டிப் போய்ப் பிடுங்கிவிடுவேன். ஆனால் வாலில் செம்மண் ஒட்டிக்கொண்டு வரும். என் காட்டில் செம்மண் ஒரு பிடி கிடையாது. யார் பார்த்தாலும் எவன் காட்டுக் காளான் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து எல்லா வாலையும் கத்தியால் நறுக்கித் தண்ணீரில் விட்டுவிட்டு, தலையை மட்டும் அலசிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். வாலை நறுக்குவது பாகத்துக்கு முன்பும் பழக்கம்தான், அப்போது சமையலுக்கு மண் வேண்டாம் என்று, இப்போது மறைப்பதற்கு. வீட்டுக்காரி பாவாத்தாள் பார்த்ததெல்லாம் அந்தக் கழுவின காளானைத்தான். எங்கே கிடைத்தது என்பாள். கரட்டடியில் என்பேன்.

ஆம்பிளைகள் பேசாமல் இருந்தோமே தவிர பெண்கள் ரெண்டு பேரும் நன்றாகப் பழகினார்கள். காளான் குழம்பு வைத்தால் பாவாத்தாள் ஒரு போசியில் ஊற்றித் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். நான் தடுக்கவில்லை. அவன் காட்டுக் காளானை அவனுக்கே நான் தானம் கொடுக்கிறேன், அவன் நக்கி நக்கித் தின்கிறான். அதில் எனக்கு ஒரு சந்தோஷம். மறைப்பானேன்.

போசி திரும்பி வரும்போது வெறுமனே வராது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்களில் வழக்கம் இல்லை. அவரைக்காய் வரும், மோர் வரும், ஒன்றும் இல்லாவிட்டால் நாலு பச்சை மிளகாயாவது கிடக்கும். தம்பி பொண்டாட்டி மயிலாத்தாள் அதிலெல்லாம் கணக்காக இருப்பாள். கரூர்ப் பக்கத்துப் பெண், கடைவீதி ஓரத்தில் வளர்ந்தவள். காளான் மண்ணிலிருந்து வரும் என்பதே கல்யாணம் ஆகி வந்துதான் அவளுக்குத் தெரியும். நல்ல பெண். நல்ல பெண் என்று இன்றைக்கு வாயில் வருகிறது பாருங்கள்.

ஒரு மழைக்காலத்தில் அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். நான் கயிறு திரித்துக்கொண்டிருந்தேன். நேராக என்னிடமே கேட்டாள்.

“ஏனுங் மாமா, நல்ல காளான் எது, கெட்டது எதுன்னு எப்பிடிங்க கண்டுபுடிக்கறது? நானும் பொறுக்கிப் பழகோணும்னு ஆசைங்க.”

வாலைச் சொன்னால் அவள் புத்துக்குப் போவாள். புத்துக்குப் போனால் நான் பிடுங்கின குழிகளைப் பார்ப்பாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பாவாத்தாளிடம் சொன்னேன். “வெள்ளையா இருந்து வாசம் நல்லா இருந்தாப் போதும்னு சொல்லு. சந்தேகமா இருந்தா நாலு பூண்டு போட்டு வேக வெக்கச் சொல்லு. பூண்டு கறுக்காட்டி நல்ல காளான்.”

பூண்டு சமாச்சாரம் ஊரில் எல்லாரும் சொல்வது. பொய் என்று எனக்குத் தெரியும். இருபது வயதில் நான் தின்ற குழம்பிலும் பூண்டு இருந்தது. பூண்டு நன்றாக வெள்ளையாகத்தான் இருந்தது.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போனாள்.

அடுத்த வருஷம் ஐப்பசி. இன்றைக்கு ஒன்பது வருஷம் ஆகிறது. மயிலாத்தாள் முதல் தடவையாகத் தானே போய்க் காளான் பொறுக்கினாள். ஆட்டுப்பட்டி ஓரம். கொஞ்சம்தான் கிடைத்தது. முதன்முதல் கிடைப்பது மூத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று குழம்பு வைத்து, பூண்டு போட்டுப் பார்த்து, தன் வீட்டில் யாருக்கும் ஒரு கரண்டிகூட எடுத்து வைக்காமல் எங்கள் போசியில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். பாவாத்தாள் எனக்குப் பரிமாற வந்தாள். அந்த வீட்டுச் சாப்பாடு எனக்கு வேண்டாம் என்று தட்டைத் தள்ளினேன். நான் எப்போதும் அப்படித்தான். அவள் தின்றாள். ருசியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தின்றாள். குழம்பைப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும் என்பீர்கள். வெட்டி மசாலா போட்டு வேக வைத்ததில் என்ன தெரியும்?

மதியத்துக்குள் ஆரம்பித்துவிட்டது. வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. தாராபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் உள்ளே போய்விட்டது. நாலு நாள். பிழைத்துக்கொண்டாள் தம்பி, பிழைத்துக்கொண்டாள், இன்றைக்கும் இருக்கிறாள்.

அந்த நாலு நாளுக்குள் ஊர் பேச ஆரம்பித்தது. மூன்றாம் நாள் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மயிலாத்தாளை நிறுத்திக் கேட்டார்கள். குழம்பு வைத்தவள் ஏன் ஒரு வாய் தின்னவில்லை? முதல் பறிப்பு மூத்த வீட்டுக்கு என்று அனுப்பினேன் என்றாள். சிரித்தார்கள். பூண்டு போட்டேன், கறுக்கவில்லை என்றாள். அதற்கும் சிரித்தார்கள். அவளும் தின்னவில்லை, நானும் தின்னவில்லை. நான் தின்னாதது அதிர்ஷ்டம் என்றார்கள். அவள் தின்னாதது தந்திரம் என்றார்கள். பிறகு அவள் சொன்னாள், பறித்த உடனே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மாமாவிடம் காட்டினேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் சரி என்று நினைத்தேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை என்றேன். அவள் வந்ததையே பார்க்கவில்லை என்றேன். உண்மையும் அதுதான், எனக்கு வெயில் எதிரே இருந்தது, ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். பச்சைச் சேலை முந்தானையில் ஆறு காளான் வைத்துக்கொண்டு ஒருத்தி வேலியோரம் நின்றால் எவ்வளவு தூரம் தெரியும் சொல்லுங்கள். ஐந்து மொட்டு. ஒன்று மட்டும் விரிந்தது, கழுத்தில் சட்டைக் காலர் மாதிரி வளையம். “ஏனுங் மாமா, இதுங்களா?” என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆமாம். பார்த்தேன்.

விஷம் என்று தெரிந்தும் விட்டேன் என்று நினைக்காதீர்கள். அது என் வீட்டுக்கு வரும் என்று எனக்குத் தெரியுமா? தட்டைத் தள்ளினபோது போசியில் என்ன குழம்பு என்றுகூட நான் பார்க்கவில்லை. அவர்கள் தின்பார்கள் என்றுதான்... இல்லை, அப்படியும் நினைக்கவில்லை. ஒன்றும் நினைக்கவில்லை. பேசுவதில்லை என்று இருந்தேன், பேசவில்லை. ஒரு வார்த்தை. கீழ போட்டுடு அம்மிணி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

ஊதியூர் வந்துவிட்டதா? நிற்கட்டும். டீ குடிக்கிறீர்களா? வேண்டாமா. எனக்கும் வேண்டாம்.

கூட்டத்தில் அதோடு நிறுத்தியிருக்கலாம். தெரியாமல் செய்துவிட்டாள் என்று ரெண்டு பேர் சொன்னார்கள். பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார், ஏனப்பா சென்னியப்பா, இந்தப் புள்ளைக்குக் காளான் பார்க்கத் தெரியுமா தெரியாதா? நாச்சிமுத்து எனக்கு எதிரே நின்றான். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தான். சொல்லுங்கண்ணா என்றான். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அந்தச் சங்கிலி ஞாபகம் வந்தது. அளந்தபடி இருக்கட்டும் அண்ணா.

நான் சொன்னேன், “நானேதான் சொல்லிக் கொடுத்தேனுங்க. வால் இருந்தா நல்லது, வால் இல்லீன்னா விசம்னு அத்தனை தெளிவாச் சொல்லியிருக்கறேன்.”

புரிகிறதா தம்பி? தெரியாமல் செய்த காரியத்தை ஒரு வார்த்தையில் தெரிந்து செய்த காரியமாக மாற்றிவிட்டேன். மயிலாத்தாள் அழவில்லை. என்னையே பார்த்தாள். எந்த வால் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. அது அவள் முகத்தில் தெரிந்தது. மற்றவர்களுக்கு அது திருட்டு முழியாகத் தெரிந்தது.

யாரும் அவர்களை ஊரை விட்டுப் போகச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்கவில்லை, அவ்வளவுதான். அவள் வீட்டிலிருந்து போன போசி மூடியைத் திறக்காமலே திரும்பி வந்தது. மூன்று மாதத்தில் நாச்சிமுத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளையோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அவன் காட்டை நான்தான் உழுகிறேன். சும்மா போட்டுவைக்க முடியுமா?

பாவாத்தாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். நான் உள்ளே வந்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சத்தமே வராத குரலில் கேட்டாள்.

“எந்த வாலுங்க?”

நான் துண்டை உதறிக் கொடியில் போட்டேன்.

“இத்தன வருசம் நான் அலசிச் சமைச்சிருக்கறேன். ஒரு காளான்லயும் வால் பாத்ததில்லீங்களே. அன்னைக்குப் பூண்டுன்னு என்கிட்டத்தான சொல்லச் சொன்னீங்க.”

அவள் வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீங்களே சொல்லோணும் என்றாள். சொல்கிறேன் என்றேன். கடலைக்காய் பிடுங்கி முடியட்டும் என்றேன். பிறகு பொங்கல் ஆகட்டும் என்றேன். அதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். அன்றிலிருந்து இந்த ஒன்பது வருஷமாகச் சோறு, தண்ணி, மாடு, இந்த மூன்றைப் பற்றி மட்டும் என்னிடம் பேசுகிறாள். காளான் எங்கள் வீட்டு அடுப்பில் ஏறவில்லை. வருஷா வருஷம் அந்தப் புத்தில் பூக்கிறது. பூத்து அழுகிப் போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காங்கயத்திலிருந்து ரெண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நாச்சிமுத்துவின் மகள் தாரணியைத் தங்கள் பையனுக்குப் பார்த்திருக்கிறார்களாம். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. பெரியப்பன் வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா மரியாதைக்காரர். சுற்றி வளைத்துத்தான் கேட்டார். பொண்ணோட அம்மாவைப் பற்றி ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்குதுங்களே, மெய்யுங்களா?

சொல்லியிருக்கலாம். யாரும் எதிரே நிற்கவில்லை, சங்கிலி இல்லை, கூட்டம் இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நான் என்னங்க சொல்றது” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கெட்டதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீங்களே பாருங்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவாத்தாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் பெண் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

இன்று புதன்கிழமை.

அவர்கள் போன பிறகு டம்ளரை எடுக்க வந்தவள் சொன்னாள். சோறு தண்ணி மாடு இல்லாத ஒரு பேச்சு, ஒன்பது வருஷத்தில் முதல் பேச்சு. “அன்னைக்கும் மொகத்தைத் திருப்புனீங்க. இன்னைக்கும் திருப்பீட்டீங்க. அந்தப் புள்ள உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு?”

தாரணி எனக்கு என்ன செய்தாள்? சின்னதில் என் தோளில் உட்கார்ந்துகொண்டு காதைப் பிடித்துத் திருகுவாள். அவ்வளவுதான் செய்தாள்.

நேற்று மழை, முந்தாநாள் இடி. இன்று விடிந்ததும் புத்துக்குப் போனேன். இந்த வருஷம் நிறைய. பாவாத்தாளிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நான் திரும்பி வருவதற்குள் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கட்டில்மேல் வைத்திருந்தாள். அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து, பையைப் பிரித்து, இதுதானுங்க வால், இதில் ஒட்டியிருப்பது என் தம்பி காட்டுச் செம்மண், இதை மறைக்கத்தான் நான் நறுக்கினேன், நறுக்கினதால்தான் அந்தப் பெண் ஏமாந்தாள், அவள் பேரில் குற்றம் இல்லை என்று காட்டிச் சொல்ல வேண்டும். வெறும் வாயால் சொன்னால் எனக்குச் சொல்ல வராது. கையில் ஒரு சாட்சி இருந்தால் வாய் தானாக வந்துவிடும். உங்களுக்கும் காட்டுகிறேன் பாருங்கள். பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், எப்போதாவது உதவும். இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள், முடிச்சு இறுகிவிட்டது.

இது...

இருங்கள் தம்பி. அடியில் இருக்கும்.

ஒன்றில்கூட இல்லை.

பிடுங்கும்போது இருந்தது. ரெண்டு கையாலும் மண்ணைக் கிளறி, ஒடியாமல் முழுசாக எடுத்தேன். பிறகு வாய்க்காலுக்குப் போனேன், கை கழுவத்தான் போனேன். அங்கே என்ன சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கத்தி இடுப்பில்தான் இருந்தது. நறுக்கியிருக்கிறேன். நறுக்கி, அலசி, துணியில் ஒற்றிக்கூட வைத்திருக்கிறேன். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள். ஒரு பொட்டுச் செம்மண் இல்லை.

இதைக் கொண்டுபோய் என்ன காட்டுவது? திரும்பிப் போய் நாளைக்கு வாலோடு எடுத்துக்கொண்டு வரலாம். காங்கயத்தில் இறங்கினால் எதிர் வண்டி உடனே கிடைக்கும். ஆனால் பதில் இன்று சாயங்காலம் என்றார்கள். ஒரு போன் போட்டு ஒரு நாள் பொறுக்கச் சொன்னால்... என்ன சொல்கிறீர்கள்? வாயால் சொன்னால் நம்ப மாட்டார்களா என்று கேட்கிறீர்களா? நம்புவார்கள். அன்றைக்கு மண்டபத்தில் நான் வாயால் சொன்னதை எத்தனை பேர் நம்பினார்கள். ஒருவர்கூட வாலைக் காட்டு என்று கேட்கவில்லை.

அந்த அரை அடியை மட்டும் அவன் விட்டுக் கொடுத்திருந்தால், தம்பி. சரி, விடுங்கள். அதை அங்கே பேச மாட்டேன். அதைப் பேச ஆரம்பித்தால் மற்றது வராது.

காங்கயம் என்று கண்டக்டர் சத்தம் போடுகிறார். காலைக் கொஞ்சம் ஒதுக்குங்கள், இறங்க வேண்டும். பை ஈரத்தில் வேஷ்டி நனைந்திருக்கிறதா? இல்லையே, சரி. ஒரு வீட்டுக்கு வெறும் கையோடு போய் எனக்குப் பழக்கம் இல்லை. இன்றைக்குப் போகிறேன்.

பையா? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நல்ல காளான்தான், புத்தில் பிடுங்கினது, சத்தியமாக. ஆனால் வேண்டாம். இறங்கும் இடத்தில் எங்காவது கொட்டிவிடுங்கள். வால் இல்லாத காளானை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள் தம்பி. நான் கொடுத்தாலும்.